நடக்காமல் போன வரலாறு – 12: பூந்தமல்லியில் அமையாத அரியணை

சென்ற இதழில் 1639இல் நிறுத்தியிருந்தோம். வந்தவாசியை ஆண்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கர், கூவம் கடலில் சேரும் இடத்தை ஒட்டிய மணல்வெளியைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்கு எழுதிக் கொடுத்தார். அவருடைய சகோதரர் ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தபடி கம்பெனிக்காரர்களோடு பேசி முடித்தார். தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரால் அங்கே சென்னப்பட்டினம் எழுந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தச் சகோதரர்களும் இல்லை, அவர்களுக்கு மேலே இருந்த பேரரசும் இல்லை. இந்த இதழில் பார்க்கப்போவது அந்த இருபது ஆண்டுகளை.

ஒளிக்காமல் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பூந்தமல்லிச் சீமையை ஆண்டவர்களில் அநேகம் பேர் இந்த மண்ணில் பிறந்தவர்கள் இல்லை. சேக்காட்டிலும் ஆவடியிலும் பருத்திப்பட்டிலும் ஏர் பிடித்தவர் தமிழர். அவரிடம் வாரம் வாங்கியவர் தெலுங்கு நாயக்கர். அந்த நாயக்கருக்கு மேலே சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்தவர் விஜயநகரத்தின் ஆரவீட்டு அரசர். அவரைத் துரத்தியவர் கோல்கொண்டா சுல்தானிடம் அமைச்சராக இருந்த ஈரானியர். பிறகு மொகலாயர், ஆற்காட்டு நவாபு, கம்பெனி. வெளியார் ஆட்சி என்பது இங்கே இடையில் வந்துபோன விபத்து என்று சொல்ல முடியாது. பல நூற்றாண்டுகளுக்கு அதுவே வழக்கம்.

இதே வழக்கம் நம்மைவிடப் பெரிய அளவில் நடந்த நாடு சீனா. கிதானியர், ஜுர்சென்கள், மங்கோலியர், மஞ்சுக்கள் என்று வடக்கிலிருந்து வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக அங்கே அரச வம்சங்களை நிறுவினார்கள். 938 முதல் 1912 வரையான காலத்தில், மிங் வம்சத்தின் 276 ஆண்டுகளையும் வேறு சில இடைவெளிகளையும் கழித்துவிட்டால், பெய்ஜிங் நகரம் வெளியாரின் கையில்தான் இருந்தது. அந்த ஆட்சிகளில் ஒன்றின் கீழ் தமிழர்களும் வாழ்ந்தார்கள். குப்லாய் கான் காலத்தில், 1281இல், சுவான்சௌ துறைமுகத்தில் சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் செகசை கானின் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்தார் என்று அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. மங்கோலிய ஆட்சியாளருக்காகச் சீனக் கடற்கரையில் தமிழ் எழுத்தில் ஒரு வேண்டுதல்!

சரி, வெளியிலிருந்து வந்த ஒரு படைத்தலைவர் எப்போது வம்சம் ஆகிறார்? எப்போது கொள்ளையோடு திரும்பிப் போகிறார்? இந்தக் கேள்விக்கு விடை தேட வரலாறே நமக்கு ஒரு ஜோடியைத் தந்திருக்கிறது. இரண்டும் ஒரே பத்தாண்டில் நடந்தவை. ஒன்று பெய்ஜிங்கில், மற்றது பூந்தமல்லியில்.

கதவைத் திறந்தவர்கள்

1644 ஏப்ரலில் கிளர்ச்சித் தலைவர் லீ ஸிசெங் பெய்ஜிங்கைப் பிடித்தார். மிங் பேரரசர் சோங்சென் அரண்மனைக்குப் பின்னால் இருந்த குன்றில் தூக்கிட்டு இறந்தார். பெருஞ்சுவர் கடலைத் தொடும் ஷான்ஹாய் கணவாயில் காவல் நின்ற மிங் தளபதி வூ சாங்குய்க்கு முன்னால் மஞ்சுப் படை, பின்னால் கிளர்ச்சிப் படை. அவர் மஞ்சுக்களை உள்ளே விட்டார். மே மாத இறுதியில் அந்தக் கணவாய்க்கு அருகே லீயின் படை உடைந்தது. ஜூனில் மஞ்சு இளவரசர் டோர்கோன் பெய்ஜிங்கில் நுழைந்தார்.

அதே ஆண்டுகளில் இங்கே மூன்றாம் ஸ்ரீரங்கர் வேலூரில் அரசர். 1642இல் பட்டத்துக்கு வந்த நாள் முதல் அவருக்கு நிம்மதி இல்லை. வடக்கே கோல்கொண்டா, மேற்கே பீஜப்பூர், தெற்கே கப்பம் கட்ட மறுக்கும் நாயக்கர்கள். சென்னையைத் தானம் கொடுத்த வேங்கடப்பரே கோல்கொண்டாவோடு மறைவாகப் பேசுகிறார் என்று சந்தேகித்து அவருடைய அதிகாரத்தைப் பறித்தார். 1645இல் மதுரைத் திருமலை நாயக்கரும் தஞ்சை, செஞ்சி நாயக்கர்களும் ஒன்று சேர்ந்து அவரை எதிர்த்தார்கள். அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் ஸ்ரீரங்கர் கம்பெனிக்குச் சென்னைக்கான உரிமையைத் தம் பெயரில் புதுப்பித்துக் கொடுத்தார். சொந்த நாயக்கர்களோடு அவர் போரிட்டுக் கொண்டிருந்தபோது வடக்குக் கதவு திறந்து கிடந்தது. அதன் வழியே கோல்கொண்டாப் படை வந்தது. 1646, 1647இல் பூந்தமல்லி உட்பட இந்தக் கடற்கரைச் சீமை முழுவதும் அதன் கைக்குப் போனது. அதே நேரத்தில் கடும் பஞ்சம். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்த கம்பெனிக்காரர்களின் கடிதங்கள் சென்னையிலும் பழவேற்காட்டிலும் மயிலாப்பூரிலும் மடிந்த மக்களைப் பற்றிப் பேசுகின்றன.

சீனத்தில் வூ சாங்குய், இங்கே நாயக்கர்கள். வெளியார் வந்த வழி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: உள்ளே இருந்தவர்களின் பிளவு. அதற்குப் பிறகு இரண்டு பாதைகளும் பிரிகின்றன.

பெய்ஜிங்கில் எடுத்த முடிவு

மஞ்சுக்கள் அதற்கு முன்பும் பெருஞ்சுவரைத் தாண்டியிருக்கிறார்கள். 1629இல் வந்தார்கள், 1642, 1643இல் மறுபடியும் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் வெள்ளியும் கால்நடைகளும் கைதிகளுமாக வாரிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1644இலும் அப்படியே செய்யலாம் என்று டோர்கோனின் அண்ணன் அஜிகே வற்புறுத்தினார். பெய்ஜிங்கில் கொஞ்சம் படையை விட்டுவிட்டு முதன்மைப் படை ஷென்யாங்குக்கோ கணவாய்க்கோ திரும்பட்டும் என்பது அவருடைய யோசனை. டோர்கோன் கேட்கவில்லை. தலைநகரையே பெய்ஜிங்குக்கு மாற்றினார். ஆறு வயதுப் பேரரசர் ஷுன்சி அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தார். மஞ்சுக்களின் எட்டுக் கொடிப் படையின் வீரர்கள் மனைவி மக்களோடு வந்தார்கள். நகரின் வடபாதியிலிருந்து சீனக் குடிகளை வெளியேற்றி அங்கே கொடிப்படைக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள்.

அடுத்தடுத்து மூன்று காரியங்கள் நடந்தன. தூக்கிட்டு இறந்த மிங் பேரரசருக்கு முறைப்படி துக்கம் காக்கச் செய்தார் டோர்கோன். நாங்கள் உங்கள் அரசரைப் பறிக்க வரவில்லை, அவரைச் சாகடித்தவர்களைப் பழிவாங்க வந்தோம் என்று அறிவித்தார். அதிகாரிகள் அவரவர் பதவியிலேயே தொடரலாம் என்றார். 1646இல், பூந்தமல்லி கோல்கொண்டா வசமாகிக் கொண்டிருந்த நேரத்தில், பெய்ஜிங்கில் புதிய ஆட்சியின் முதல் அரண்மனைத் தேர்வு நடந்தது. பரம்பரை பரம்பரையாகத் தேர்வெழுதி அரசு வேலைக்குப் போன சீனக் குடும்பங்களுக்கு அது தெளிவான சேதி.

இதெல்லாம் இரக்கத்தால் செய்தவை என்று எண்ண வேண்டாம். 1645 மே மாதம் யாங்சௌ நகரில் பத்து நாள் படுகொலை நடந்தது. ஆண்கள் எல்லோரும் முன்தலையை மழித்துப் பின்னலிட வேண்டும் என்ற ஆணையை மீறியவர்களின் தலை போனது. தங்க முடிவெடுத்த அரசும் ரத்தம் சிந்தியே வேர் பிடித்தது. அந்த வேர் 1912 பிப்ரவரி வரை தாங்கியது.

விரலிடுக்கில் கடிதம் வைத்திருந்த அமைச்சர்

கோல்கொண்டாப் படையை நடத்தியவர் மீர் முகம்மது சையத். வரலாறு அவரை மீர் ஜும்லா என்ற பட்டப்பெயரால் அறியும். ஈரானில் இஸ்பஹானுக்கு அருகிலுள்ள அர்திஸ்தானில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். குதிரை வியாபாரியிடம் வேலையாளாகக் கோல்கொண்டாவுக்கு வந்து, வைர வணிகத்தில் இறங்கி, மசூலிப்பட்டினத்து நிர்வாகம் வரை ஏறி, சுல்தான் அப்துல்லா குதுப் ஷாவின் முதன்மை அமைச்சர் ஆனார். சொந்தக் கப்பல்கள் பாரசீகத்துக்கும் பெகுவுக்கும் அரக்கானுக்கும் ஓடின.

1652இல் பிரெஞ்சு வைர வியாபாரி தாவெர்னியே அவரைக் கண்டிக்கோட்டையில் சந்தித்தார். அவர் எழுதிவைத்த காட்சி ஒரு மனிதரைக் கண்முன் நிறுத்துகிறது. மீர் ஜும்லா கூடாரத்தில் வெறுங்காலோடு அமர்ந்திருக்கிறார். கால்விரல்களின் இடுக்கிலும் இடக்கை விரல்களின் இடுக்கிலும் கடிதங்கள். ஒவ்வொன்றாக உருவிப் படித்து எழுத்தர்களுக்குப் பதில் சொல்கிறார். அவர்கள் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, தம் கையாலேயே முத்திரையிடுகிறார். அதே கண்டிக்கோட்டையில் கோயில்களின் செப்புத் திருமேனிகளை உருக்கிப் பீரங்கி வார்க்க ஓர் ஐரோப்பியரை அமர்த்தியிருந்தார் என்றும் தாவெர்னியே எழுதுகிறார்.

கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட இந்தச் சீமை பெயருக்குச் சுல்தானுடையது. நடைமுறையில் மீர் ஜும்லாவுடையது. முந்நூறு மைல் நீளம், ஐம்பது மைல் அகலம், ஆண்டு வருமானம் 40 லட்சம் ரூபாய் என்று வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார் கணக்குச் சொல்கிறார். சுல்தான் கொடுத்த 4,000 குதிரை வீரர்கள் போக, சொந்தச் சம்பளத்தில் 5,000 குதிரை வீரர்களும் 20,000 காலாட்களும் அவரிடம் இருந்தார்கள். பூந்தமல்லியில் அவருடைய ஆட்சிக்கு ஒரு தடயம் இன்றும் நிற்கிறது. 1653இல் அஸ்தராபாத்தைச் சேர்ந்த ருஸ்தம் என்பவர் கட்டிய பள்ளிவாசல் அது என்று அங்குள்ள பாரசீகக் கல்வெட்டு கூறுகிறது. சேக்காட்டிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரம். காஸ்பியன் கடற்கரையில் பிறந்த ஒருவர் பூந்தமல்லியில் தொழுகைக்கு இடம் கட்டினார் என்றால், அவரோடு வந்தவர்களில் சிலராவது நெடுநாள் இருக்கும் எண்ணத்தோடு வந்தவர்கள் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் தலைவர் இருக்கவில்லை. அவருடைய மகன் முகம்மது அமீன் ஹைதராபாத்தில், சுல்தானின் கண் எதிரிலேயே தந்தையின் பிரதிநிதியாக இருந்தார். ஒருநாள் குடிபோதையில் தர்பாருக்கு வந்து சுல்தானின் ஆசனத்திலேயே படுத்துவிட்டார். அமைச்சரின் வளர்ச்சியைப் பார்த்து ஏற்கெனவே அஞ்சியிருந்த சுல்தான், 1655 நவம்பரில் அமீனையும் குடும்பத்தாரையும் சிறையிலிட்டுச் சொத்தைப் பறிமுதல் செய்தார். மீர் ஜும்லா தக்காணத்தில் மொகலாயப் பிரதிநிதியாக இருந்த ஔரங்கசீப்பிடம் போனார். 1656 தொடக்கத்தில் மொகலாயப் படை ஹைதராபாத்துக்குள் புகுந்தது, குடும்பம் விடுதலையானது. அந்த ஆண்டே மீர் ஜும்லா ஷாஜகானின் பிரதம அமைச்சரானார். பிறகு வங்காளத்தின் ஆளுநர், அசாம் படையெடுப்பு, 1663இல் மரணம். பூந்தமல்லிக்கு அவர் திரும்பவே இல்லை.

அவர் இங்கேயே இருந்திருந்தால்?

நடக்காததை ஆராய்பவருக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவற்றை இருந்தபடியே விட வேண்டும். நாம் மாற்றப்போவது இது: 1655இல் மீர் ஜும்லாவின் குடும்பம் ஹைதராபாத்தில் இல்லை, கண்டிக்கோட்டையில் அவரோடு இருக்கிறது. அவ்வளவுதான். சுல்தானிடம் பிணை இல்லை. மீர் ஜும்லாவுக்கு டெல்லியின் தயவு தேவையில்லை.

இது வெறும் கற்பனையும் இல்லை. அந்த மாதங்களில் அவர் ஒரே நேரத்தில் பல வாசல்களைத் தட்டினார். பீஜப்பூரோடு பேசினார், ஈரான் ஷாவுக்கு எழுதினார், ஔரங்கசீப்போடு பேரம் நடத்தினார். தனி அரசு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

தனி அரசு நடத்த முதலில் ஒரு பெயர் வேண்டும். டோர்கோன் இறந்த மிங் பேரரசரின் பெயரைப் பயன்படுத்தினார். மீர் ஜும்லாவுக்கு உயிரோடு ஓர் அரசரே கிடைத்திருப்பார். நாடிழந்த ஸ்ரீரங்கர் அப்போது ஆதரவு தேடி மைசூருக்கும் பிறகு கேளடிக்கும் அலைந்தார். அவரைச் சந்திரகிரியில் அமர்த்தி, அவர் பெயரால் சாசனம் எழுதி, ஆட்சியைத் தம் கையில் வைத்திருக்கலாம். கோயில் மானியங்களை அந்தப் பெயரால் உறுதி செய்திருந்தால் பிராமணர்களும் நாட்டார்களும் கணக்கர்களும் புதிய ஆட்சியை எளிதில் ஏற்றிருப்பார்கள். திருமேனிகளை உருக்கிய கையே கோயில்களுக்குக் கொடை எழுதும் கையாக மாறியிருக்க வேண்டும். அவருடைய நிர்வாகத்தில் துபாக்கி கிருஷ்ணப்ப நாயக்கர் போன்ற தெலுங்கர்கள் உயர்ந்த இடத்தில் இருந்தார்கள் என்பதால் அந்த மாற்றம் நினைக்க முடியாத ஒன்றல்ல.

அடுத்தது சென்னப்பட்டினம். நடந்த கதையில், மீர் ஜும்லா வடக்கே போனதும் ஸ்ரீரங்கரின் தளபதி கோனேரி செட்டி படையோடு சென்னைப் பக்கம் வந்தார். கம்பெனி அவருக்குச் சாய்வு காட்டியது. கிருஷ்ணப்ப நாயக்கர் கோனேரியை வென்றார். கம்பெனி மீர் ஜும்லாவின் ஆட்களுடைய பகையைச் சம்பாதித்தது. 1657 செப்டம்பரில் அவர்கள் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார்கள். ஆனால் அதே மாதத்தில் ஷாஜகான் நோயில் விழுந்தார். மகன்களிடையே அரியணைச் சண்டை மூண்டது. மீர் ஜும்லா அதில் சிக்கிக்கொண்டார். கவனிக்க ஆளில்லாத முற்றுகை இழுத்தடித்து 1658 ஏப்ரலில் முடிந்தது. ஆண்டுக்கு 380 வராகன் கொடுப்பதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 1672இல் அது 1,200 வராகனாக உயர்ந்து நிலைத்தது. ஒரு பேரரசின் விதையை வளரவிடுவதற்கு வாங்கிய வாடகை அவ்வளவே.

பூந்தமல்லியில் தலைவரே அமர்ந்திருந்தால் அந்த முற்றுகை அப்படி முடிந்திருக்காது. கோட்டையை இடித்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். அவர் வணிகர், சுங்க வருமானத்தின் அருமை தெரிந்தவர். கப்பல்களை வரவிட்டிருப்பார், பீரங்கிகளை இறக்கச் சொல்லியிருப்பார். மஞ்சு அரசு பிற்காலத்தில் செய்தது அதுதான். 1757இல் ஐரோப்பியரின் கடல் வணிகம் முழுவதையும் குவாங்சௌ என்ற ஒரே துறைமுகத்தில் அடக்கியது. அங்கே ஐரோப்பியர் நகருக்குள் நுழையக் கூடாது, அனுமதி பெற்ற வணிகர்களோடு மட்டுமே பேச வேண்டும், பருவம் முடிந்தால் கிளம்பிவிட வேண்டும். ஏறத்தாழ 85 ஆண்டுகள் அந்த ஏற்பாடு நின்றது. சென்னையும் அப்படியொரு கிடங்குத் துறையாக, பூந்தமல்லி அதிகாரியான அவல்தாரின் சீட்டோடு சரக்கு ஏற்றும் ஊராக இருந்திருக்கலாம்.

எவ்வளவு காலம் அப்படி இருந்திருக்கும்? என் கணிப்பில் ஒரு தலைமுறை. 1687இல் கோல்கொண்டாவை விழுங்கிய ஔரங்கசீப் இந்த அரசையும் விட்டுவைத்திருக்க மாட்டார். செஞ்சி மொகலாய முற்றுகையை எட்டு ஆண்டுகள் தாங்கியது. மீர் ஜும்லாவின் மகன் ஆண்ட அரசு அதைவிட அதிகம் தாங்கியிருக்கும் என்று நம்ப இடமில்லை. ஏனென்றால் மீர் ஜும்லாவிடம் எட்டுக் கொடிப் படை இல்லை. அவருடைய குதிரை வீரர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள். சம்பளம் நின்றால் வேறு எஜமானரைத் தேடுவார்கள். டோர்கோன் ஒரு மக்கள் கூட்டத்தோடு வந்தார். மீர் ஜும்லா பணத்தோடு வந்தார்.

நெருங்கிப் பார்த்தால் மீர் ஜும்லாவுக்குச் சரியான சீன ஜோடி வூ சாங்குய்தான். மஞ்சுக்களுக்குக் கதவு திறந்துவிட்ட அவர், தென்மேற்கே யுன்னானில் தமக்கென ஓர் அரசையே கட்டிக்கொண்டார். 1662இல், தெற்கே எஞ்சியிருந்த கடைசி மிங் பேரரசரைக் கொன்றார். 1673இல் மஞ்சுப் பேரரசர் காங்சியை எதிர்த்துக் கிளம்பினார். அவருடைய மகன் அப்போது பெய்ஜிங்கில் பிணையாக இருந்தார், மகனின் தலை போனது. 1678இல் வூ இறந்தார். மூன்றே ஆண்டில் எல்லாம் முடிந்தது. பெரும் படையும் பெரும் வருமானமும் இருந்தும், மகனைத் தலைநகரில் விட்டுவைத்த ஆளுநர்கள் இருவரும்.

அவர்கள் திரும்பிப் போயிருந்தால்?

தராசின் மறு தட்டையும் பார்ப்போம். 1644இல் டோர்கோன் அண்ணன் சொல்லைக் கேட்டிருந்தால்?

நான்ஜிங்கில் மிங் இளவரசர் ஒருவர் அந்த ஜூனிலேயே பேரரசராக முடிசூடியிருந்தார். அந்த அரசு ஸுவோ மாவோதி என்ற தூதரை வெள்ளியும் பட்டுமாகப் பெய்ஜிங்குக்கு அனுப்பியது. உதவிக்கு நன்றி, கணவாய்க்கு வெளியே உள்ள நிலம் உங்களுக்கு, ஆண்டுதோறும் பணமும் தருகிறோம், திரும்பிப் போங்கள் என்பதே சேதி. இதற்கு முன்னுதாரணம் இருந்தது. 1141இல் தென்சோங் அரசு ஜுர்சென்களுக்கு ஆண்டுக்கு 2,50,000 தேல் வெள்ளியும் அதே அளவு பட்டுச் சுருள்களும் தர ஒப்புக்கொண்டு, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தெற்கை ஆண்டது. டோர்கோன் தூதரைச் சிறையிலிட்டார். அடிபணிய மறுத்த ஸுவோ 1645இல் கொல்லப்பட்டார்.

தூதை ஏற்றிருந்தால் சீனம் மறுபடியும் இரண்டாகியிருக்கும். வடக்கே மஞ்சுக்களுக்குக் கப்பம் கட்டும் ஏதோ ஓர் அரசு, தெற்கே யாங்சி ஆற்றை அரணாக்கிய மிங். அதைவிடப் பெரிய விளைவு வரைபடத்தில் தெரிந்திருக்கும். தைவானை 1683இலும், இன்றைய ஷின்ஜியாங்கை 1759இலும் சேர்த்தது மஞ்சு அரசுதான். இன்று சீனர்கள் தங்கள் தாய்நாடு என்று வரையும் எல்லை, பெரும்பாலும் வெளியார் வம்சம் ஒன்று வரைந்த எல்லை. அவர்கள் 1644இல் திரும்பியிருந்தால் இன்றைய சீனா இந்த உருவத்தில் இருந்திருக்காது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஏரிக்குக் கரை போட்டவர் யார்?

அரசர்களை விட்டுச் சேக்காட்டுக்கு வருவோம். யார் ஆண்டால் என்ன என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் விடை ஏரியில் இருக்கிறது. இங்கே பெரிய ஆற்றுப் பாசனம் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் பெய்வதை ஏரியில் பிடித்து, தை வரை மதகு வழியே விட்டு நெல் விளைவிக்க வேண்டும். வண்டல் அள்ளி, கரையை உயர்த்தி, கலங்கலைச் சரிசெய்தால்தான் அடுத்த ஆண்டு விளையும். அதற்கு ஆகும் செலவு இந்த ஆண்டு. வரும் பலன் பத்து ஆண்டுகளுக்கு.

கோல்கொண்டா ஆட்சியின் முறை இதற்கு நேர் எதிர். மசூலிப்பட்டினத்தில் கம்பெனி வேலையில் இருந்த வில்லியம் மெத்வோல்ட், அந்த ராஜ்யத்தில் சீமைகளின் அதிகாரம் ஆண்டுதோறும் அதிகத் தொகை கேட்பவருக்கே குத்தகை போனது என்று எழுதிவைத்தார். ஒரு வருடக் குத்தகைதாரர் அந்த வருடத்துக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அடுத்த மாதம் காலி செய்யப்போகிற வீட்டுக்கு யாரும் ஓடு மாற்றுவதில்லை. மேல்வாரத்தை வழித்தெடுத்தவருக்குக் கரை உடைந்தால் என்ன கவலை? பிற்பாடு நவாபு காலத்திலும் குத்தகை தொடர்ந்தது. 1763இல் செங்கல்பட்டு ஜாகீர் கம்பெனிக்குப் போன பிறகும் 1780 வரை நவாபிடமே அதைக் குத்தகைக்கு விட்டார்கள். ஏரிகளைப் பழுதுபார்ப்பதைக் கையில் எடுத்த கலெக்டராக நாம் அறிவது 1794 முதல் 1798 வரை இருந்த லயனல் பிளேஸை. மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வரும் அதே பிளேஸ். கம்பெனி இங்கே நிலையாகத் தங்கப்போகிறது என்று உறுதியான பிறகுதான் அப்படியொரு அதிகாரி வருகிறார்.

சீனத்தில் காங்சி பேரரசர் தாம் மறக்கக் கூடாத மூன்று காரியங்களை அரண்மனைத் தூணில் எழுதிவைத்தார். வூ சாங்குய் போன்ற மூன்று குறுநில மன்னர்கள், மஞ்சள் ஆற்றுக் கரை, தலைநகருக்குத் தானியம் போகும் கால்வாய். உள்நாட்டுப் போர் எரிந்துகொண்டிருந்த 1677இலேயே ஜின் ஃபூ என்பவரை ஆற்றுப் பணிகளுக்கு நியமித்தார். 1712இல் தலைவரியின் அளவை இனி உயர்த்துவதில்லை என்று ஆணையிட்டார். அவர் மஞ்சு மொழி பேசி வளர்ந்தவர், சீனக் குடியானவருக்கு அந்நியர். ஆனால் அவருடைய பேரனும் அதே அரண்மனையில்தான் ஆளப்போகிறார் என்பது அவருக்குத் தெரியும். ஆற்றங்கரை உடைந்தால் நட்டம் அவருடைய குடும்பத்துக்கு.

இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்து வாசகர்கள் பலர் கேட்கும் கேள்வி, வெளியார் ஆண்டதால்தானே நாம் தாழ்ந்தோம் என்பது. என் பதில் இது. ஆண்டவர் எங்கே பிறந்தார் என்பதைவிட, அவர் பிள்ளைகள் எங்கே வாழப்போகிறார்கள் என்பது முக்கியம். ஆரவீட்டாரும் நாயக்கர்களும் வெளியிலிருந்து வந்தவர்களே. இங்கே தங்கினார்கள், கோயிலும் குளமும் கட்டினார்கள். மீர் ஜும்லா பத்து ஆண்டுகளில் 40 லட்ச ரூபாய் விளையும் சீமையைப் பிடித்துவிட்டு, மகனுக்காக டெல்லிக்குப் போனார். அவர் விட்டுச் சென்ற இடத்தில் குத்தகைதாரர்களும் ஒரு மணல்திட்டுக் கோட்டையும்தான் மிச்சம். இரண்டில் கோட்டைதான் தங்கியது. தங்கிய பிறகு என்ன செய்தது என்பது வேறு கணக்கு. 1801இல் அது ஆற்காட்டு நவாபின் நாட்டையே எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கை இருபதாம் அத்தியாயத்தில் விரிவாகப் பார்ப்போம்.

இந்தக் கோட்டை பூந்தமல்லிக்கு உடனே கட்டுப்படாமல் போகவில்லை. 1670களின் முடிவில் கோல்கொண்டாவின் அமைச்சர்கள் அக்கண்ணா, மாதண்ணா ஆட்சியில், அவர்களின் உறவினர் பொதிலி லிங்கப்பா பூந்தமல்லியின் அதிகாரியாக வந்து, சென்னைக்குப் போகும் சரக்கை வழியிலேயே மறித்துக் கம்பெனியைத் திணறடித்தார். அதற்குச் சற்று முன், 1677இல், இன்னொரு வெளியூர்த் தலைவர் பெரும் குதிரைப்படையோடு இந்தப் பக்கம் வந்தார். செஞ்சியை எடுத்தார், வேலூரை முற்றுகையிட்டார், தஞ்சையை ஆண்ட தம்பியோடு கொள்ளிடக் கரையில் பேசினார். கம்பெனிக்குக் கடிதம் எழுதி விஷமுறிவு மருந்துக் கற்களைக் கேட்டு வாங்கினார், கோட்டையைத் தொடவில்லை. ராய்கட் திரும்பாமல் சத்ரபதி சிவாஜி செஞ்சியிலேயே அரியணை போட்டிருந்தால்?

அடுத்த இதழில்.